பழைய எந்திரமும் பெரிய டேர்போவும்: ஒரு மறுப்பு

“எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போது பெரிதாகவே மாற்றிவிடு.” நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த வேகக் கார் ஒன்றின் டேர்போசார்ஜர் பழுதுறும்போது அதன் உரிமையாளர் காதில் விழும் முதலாவது அறிவுரை இதுவே. கராச்சில் இருப்பவர் கூறுவார், நண்பர் கூறுவார், உதிரிப்பாகம் விற்பவர் இன்னும் அழுத்திக் கூறுவார். தேய்ந்த எந்திரத்தைப் பொறுத்தவரை இக்கூற்று தவறானதும் கேடு விளைப்பதும் ஆகும் என்பதே இக்கட்டுரையாளரின் வாதம்.

தமிழ்ச் சங்க மலருக்கு இது பொருளாகுமா என முகஞ்சுளிப்போர் இருக்கலாம். வலியறிதல் பற்றி மேடைகளில் மணிக்கணக்காகப் பேசும் நாம், நம் கையிலுள்ள எந்திரத்தின் வலியை அறிய மறுப்பது ஏன் என்பது பொருளாகாவிடின் வேறெது பொருளாகும்? தவிரவும், இது நமக்குப் புறத்தேயுள்ள விவகாரமன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் இந்நாட்டிலிருந்த ஒவ்வொரு காரும் ஐந்தாண்டு முதுமையடைந்தது. இளைஞர் விரும்பும் யப்பானிய டேர்போ கார்கள் இதற்கு விலக்கல்ல. புதியது கிடையாத காலத்தில் பழையதை வலுப்படுத்தும் ஆசை எழுவது இயல்பு. அவ்வாசையை நான் பழிக்கவில்லை. அதன்மீது கட்டப்படும் போலி விஞ்ஞானத்தையே மறுக்கிறேன்.

முதலிற் கருவியை நோக்குவோம். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905 இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். எந்திரத்தில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கழிவு வாயுவுடன் வெளியேறிவிடுகின்றது. அவ்வாயுவால் ஒரு சுழலிச் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குட் புகுத்துவதே இதன் தொழில். தண்டு நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்களுக்கு மேற் சுழலும்; பெற்றோல் எந்திரத்திற் கழிவு வாயுவின் வெப்பநிலை 900 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். இத்தகைய தண்டைப் பெரும்பாலான கருவிகளில் தாங்கி நிற்பது மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலமேயாகும். அந்த எண்ணெய் டேர்போவுக்கென்று தனியாக இருப்பதில்லை. எந்திரத்தின் அடித்தொட்டியிலிருந்து வருகின்றது, அடித்தொட்டிக்கே திரும்புகின்றது. நம்மவர் மறந்துவிடும் உண்மை இங்குதான் உள்ளது.

தேய்ந்த எந்திரம் ஒன்றில் நடப்பது யாது? முசல வளையங்கள் தேயும்போது, எரியும் வாயுவின் ஒரு பகுதி வளையங்களைக் கடந்து அடித்தொட்டிப் பக்கம் இறங்குகின்றது. அங்கு அமுக்கம் உயர்கின்றது. டேர்போவிலிருந்து எண்ணெய் திரும்புவதோ புவியீர்ப்பினால் மட்டுமே. கீழே அமுக்கம் உயர்ந்திருப்பின் எண்ணெய் இறங்க வழியின்றித் தேங்கி, தண்டின் இருபுறத்து முத்திரைகளைக் கடந்து காற்றுக் குழாயினுள்ளும் கழிவுக் குழாயினுள்ளும் கசியும். பின்புறம் நீலப்புகை எழும். பார்ப்பவர் அனைவரும் ‘டேர்போ போய்விட்டது’ என்பர். உண்மையில் டேர்போ இங்கு சாட்சியாளன். குற்றவாளி வேறிடத்தில் இருக்கின்றான். சாட்சியைத் தூக்கிலிட்டு, அவ்விடத்திற் கொழுத்த சாட்சி ஒருவனை நிறுத்துவதையே ‘தரமுயர்த்தல்’ என்று அழைக்கின்றோம்.

கேடு இத்துடன் நிற்பதில்லை. காற்றுக் குழாயினுட் கசிந்த எண்ணெய் ஆவி பெற்றோலுடன் கலந்து அதன் ஒக்ரேன் வலிமையைக் குறைக்கின்றது. உரிய கணத்துக்கு முன்னரே கலவை தானாக வெடிக்கும் அடிப்பு, வாகனக்காரர் ‘நொக்’ என்பது, இதனால் எளிதாகின்றது. அவ்வடிப்பை அமுக்க உயர்வும் தூண்டும். ஆகவே அடிப்பைத் தாங்க இயலாத எந்திரத்துக்கே அடிப்பை வருவிக்கும் இரு காரணங்களையும் ஒருங்கே வழங்கிவிடுகின்றோம்.

எமது பீடத்திற் பயின்ற நண்பர் ஒருவரின் கார் 180,000 கிலோமீற்றர் ஓடியது. நீலப்புகை கண்டதும் அவர் நாடிய கராச்சில் எவ்விதச் சோதனையும் செய்யாது பெரிய டேர்போ பொருத்தினர். மூன்று வாரத்தில் மீண்டும் புகை. பாகம் குறைபாடுடையது எனக் கூறி இன்னொன்றைப் பொருத்தினர், மீண்டும் புகை. இரண்டு ஆண்டுச் சேமிப்புக் கரைந்த பின்னரே ஒருவர் உருளைகளின் அமுக்கத்தை அளந்து பார்த்தார். மூன்று உருளைகள் 140 இறாத்தலை அண்மித்துக் காட்டின, நான்காவது 95. முதல் நாளே அரை மணி நேரத்தில் அறிந்திருக்கக்கூடிய செய்தி இது. அந்தக் கராச்சுக்காரரை ஏமாற்றுக்காரர் என நான் கூறமாட்டேன். அவரும் அதே மந்திரத்தை நம்பியவரே.

‘பெரிய டேர்போ பொருத்தினால் வலு பெருகும் என்பது பொய்யா?’ எனக் கேட்பர். பொய்யன்று, அரைகுறை உண்மை. டேர்போ தருவது காற்றை மட்டுமே. கால் பங்கு மிகுதியான காற்றுக்குக் கால் பங்கு மிகுதியான பெற்றோல் வேண்டும். அதனைச் சொரியும் உட்செலுத்திகள் வேண்டும். அனுப்பும் பம்பி வேண்டும். பிறக்கும் விசையை முசலமும் இணைதண்டும் போதிகைகளும் கிளச்சும் கியர்ப்பெட்டியும் வரிசையாகத் தாங்கவேண்டும். இச்சங்கிலியின் மிக நைந்த கண்ணியே எல்லையை வகுக்கும். தேய்ந்த காரில் அக்கண்ணி எது என்பது அறுந்த பின்பே பலருக்குத் தெரியவருகின்றது.

இதனை நான் கூறுவதிலும் உற்பத்தியாளர் செய்து காட்டியதை நோக்குதல் நன்று. அமெரிக்கச் சந்தைக்கு வந்த 2002 ஆம் ஆண்டு மாதிரி சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் 2.0 லீற்றர் எந்திரமும் சிறிய டேர்போவும் இருந்தன. வலு 227 பரிவலு. 2004 மாதிரி எஸ்.ரி.ஐ. 300 பரிவலுவைத் தந்தது. இடைப்பட்ட 73 பரிவலுவுக்காக டேர்போவைப் பெருப்பித்ததோடு அவர்கள் அமைந்தனரா? எந்திரம் 2.5 லீற்றராயிற்று. ஐந்து கியர்ப் பெட்டி போய் ஆறு கியர்ப் பெட்டி வந்தது. இடைக்குளிர்த்தி பெரிதாகி, அதன்மேல் நீர் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. பிரெம்போ தடுப்புக்கள் வந்தன. புத்தம்புதிய உலோகத்தைக் கையிற் கொண்டிருந்தவர்களே இத்தனையும் மாற்றினர் எனில், தேய்ந்த உலோகத்தைக் கொண்டுள்ள நாம் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எஞ்சியவற்றை இறைவன் பொறுப்பில் விடுவது எவ்வகைப் பொறியியல்?

அதே கார்க் குடும்பம் இன்னுமொரு பாடத்தையும் வைத்திருக்கின்றது. சுபாருவின் 2.5 லீற்றர் டேர்போ எந்திரங்கள் சிலவற்றில், டேர்போவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயின் துளைப்போல்ற்றினுள் ஒரு சிறு வலைவடிகட்டி உண்டு. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிடின் கரிப்பிசின் அவ்வலையை அடைக்கும். டேர்போ பட்டினியால் மடியும். வலையைக் கவனியாது புதியதைப் பொருத்துபவர் அதனையும் அதே பட்டினிக்கு அனுப்புகின்றார். டேர்போவின் அளவு இதில் எதை மாற்றிவிடும்?

வரலாறும் நமது பக்கமே பேசுகின்றது. 1962 இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெற்பயர் என்னும் காரை வெளியிட்டது. 3.5 லீற்றர் எந்திரத்தில் 215 பரிவலு. அமுக்க விகிதத்தை 10.25 என்ற உயர்நிலையில் வைத்துக்கொண்டே டேர்போவையும் ஏற்றினர். அடிப்பைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை உட்செலுத்தினர். உரிமையாளர் பலர் திரவத் தொட்டியை நிரப்ப மறந்தனர். தொல்லை பெருகவே, டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபரேற்றரைப் பொருத்திக் கொடுக்க நிறுவனமே முன்வந்தது. சுவீடனின் சாப் நிறுவனத்தார் 1977 இல் தமது 99 டேர்போவை அறிமுகஞ் செய்தபோது வேறு வழி சென்றனர். அமுக்க விகிதத்தை 7.2 ஆகத் தாழ்த்தி, சிறிய டேர்போவைத் தெரிந்து, மிகை வாயுவை ஒரு வால்வினாற் புறத்தே திருப்பினர். அன்றாடம் ஓட்டுபவனுக்கு வேண்டுவது தாழ்ந்த சுற்றுக்களிலும் கிடைக்கும் இழுவை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

எதிர்த்தரப்பாரின் வலுவான வாதத்தை மறைப்பது அறமன்று, அதையும் கூறிவிடுகின்றேன். சிறிய டேர்போவை அதன் எல்லைக்கப்பாற் சுழற்றினால் அது காற்றை அமுக்குவதிலும் சுடவைப்பதிலேயே வல்லதாகிவிடும். 30 பாகைக் காற்றை இருமடங்கு அமுக்கத்துக்கு உயர்த்தும்போது, 70 வீத வினைத்திறனுள்ள அமுக்கியிலிருந்து அது ஏறத்தாழ 125 பாகையில் வெளிவரும். வினைத்திறன் குறையக் குறைய இவ்வெப்பநிலை ஏறும். எனவே மிகுதியான காற்று உண்மையிலேயே தேவைப்படும் ஓட்டப்பந்தயக் காருக்குப் பெரிய அமுக்கி பொருத்தமானதே. ஏற்றுக்கொள்கின்றேன். ஆனால் ஒரே வடிவுடைய சக்கரத்தின் விட்டம் 10 வீதம் கூடினால் அதன் சடத்துவத் திருப்பம் ஐந்தாம் அடுக்கில், அதாவது 61 வீதம், கூடும். பெரிய சக்கரம் மெதுவாகச் சுழன்றாலும் போதும் என்பர். அதனையும் கழித்தே பார்த்தாலும் அதற்கு ஊட்டவேண்டிய சக்தி 33 வீதம் மிகுதி. நகர வீதியில் மிதியை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்தக் கணங்களுக்கு இதுவே கணக்கு. வளையம் தேய்ந்து வாயு கசியும் எந்திரத்தில் அச்சக்கரத்தைச் சுழற்றும் வாயுவும் குறைவு என்பதைச் சேர்த்துக்கொள்க.

‘கணினி நிரலை மாற்றினால் அனைத்தும் சரியாகும்’ என்போருக்கு விரிவான விடை தேவையில்லை. நிரல் தீப்பொறியின் வேளையையும் எரிபொருளின் அளவையும் மாற்றும். தேய்ந்த உலோகத்தை மீட்டுத் தரும் நிரலை எவரும் எழுதியதில்லை.

பழுதுற்ற டேர்போவைக் கழற்றுமுன் ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் கசிவையும் அளக்கவேண்டும். எண்ணெய்க் குழாய், திரும்பு குழாய், இடைக்குளிர்த்தி ஆகியவற்றைத் திறந்து, பழைய டேர்போவின் உலோகத் துகள்கள் தங்கியிருப்பின் கழுவி அகற்றவேண்டும். எந்திரம் நலமெனில் பழைய அளவிலேயே புதிய டேர்போ. நலமன்றெனில் பணம் எந்திரத்துக்குச் செல்லட்டும். எந்திரத்தை முற்றாகப் புதுக்கிய பின்னர் பெரிய டேர்போ வேண்டுமெனில், எரிபொருள் முதற் கியர்ப்பெட்டி வரை செலவைக் கூட்டிப் பார்த்து, துணிவுள்ளவர் செய்க. அவரோடு எனக்கு வழக்கில்லை.

இக்கட்டுரைக்கு அடுத்த மலரில் மறுப்பெழுத விரும்பும் அன்பர்களை வரவேற்கின்றேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காரின் வேகத்தைப் பற்றிய வருணனைகளைச் சுருக்கிக்கொண்டு, பெரிய டேர்போ பொருத்துவதற்கு முதல் நாளும் ஓராண்டு கழித்தும் நான்கு உருளைகளிலும் அளந்த அமுக்க அளவுகளைத் தம் மறுப்புடன் இணைத்தனுப்புவார்களாக.