நீராவிக் கதைகளும் 18 சதவீத வரியும்

நூல் என்றால் என்ன என்ற கேள்விக்கு மத்திய அரசின் வரி விதிகள் ஒரு விடை வைத்திருக்கின்றன. அச்சிட்ட நூலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. அச்சில் வந்த நூலின் மின் வடிவத்துக்கு 5 சதவீதம். அச்சில் வராமல் மின்நூலாக மட்டுமே வெளியாகும் படைப்புக்கு 18 சதவீதம். 2018 ஜூலையில் வெளியிடப்பட்ட அறிவிக்கை வரிக் குறைப்பை வழங்கும்போதே, மின்நூல் என்பது அச்சு நூலின் மின் வடிவம் என்று வரையறுத்துவிட்டது. ஆகவே, அச்சில் வராத புதினம் சட்டத்தின் கண்ணில் மின்நூலே அன்று. இணையவழியே வழங்கப்படும் ஏதோ ஒரு சேவை.

இந்த வரையறையால் பெரிய பதிப்பகங்களுக்கு இழப்பு இல்லை. அவை எப்படியும் அச்சிடுகின்றன. பாதிக்கப்படுவோர், அச்சிடப் பணமில்லாமலும் பதிப்பாளர் கிடைக்காமலும் தாமே தம் எழுத்தை மின்நூலாக வெளியிடுவோர். அவர்களுள்ளும், வாசகர் எண்ணிக்கை சில நூறுகளில் அடங்கிவிடும் சிறுவகை இலக்கியங்களை எழுதுவோரின் நிலை இன்னும் கடினம். "ஸ்டீம்பங்க்" என்று ஆங்கிலத்தில் வழங்கும் நீராவி யுகக் கற்பனைக் கதைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பெட்ரோலும் மின்னணுவியலும் உலகை ஆளாமல், நீராவியும் பற்சக்கரமும் பித்தளைக் குழாய்களுமே தொடர்ந்து ஆண்டிருந்தால் மனித வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவை இக்கதைகள். அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ. ஜீட்டர் 1987-ல் "லோகஸ்" இதழுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் பாதி விளையாட்டாகச் சூட்டிய பெயரே நிலைத்துவிட்டது. சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரம் அவர் காலத்திலேயே முழுமை பெற்றிருந்தால் பிரிட்டன் என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்த "தி டிஃபரன்ஸ் எஞ்சின்" 1990-ல் வெளிவந்தது. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய அந்தப் புதினத்துக்குப் பிறகே இவ்வகைக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டது.

இது மேலை நாட்டுச் சரக்கு, இந்தியருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், இக்கதைகளின் முன்னோடியான ஜூல்ஸ் வெர்னைப் படிக்க வேண்டும். கடலடியில் "நாட்டிலஸ்" கப்பலைச் செலுத்திய கேப்டன் நெமோ, புந்தேல்கண்டைச் சேர்ந்த தக்கார் என்ற இந்திய இளவரசர். 1857 எழுச்சியில் போரிட்டுத் தோற்றவர். 1870-களில் வெளிவந்த "மர்மத் தீவு" புதினத்தில் இந்த உண்மை வெளிப்படுகிறது. 1880-ல் அவர் எழுதிய "நீராவி வீடு" கதையில், நீராவியால் நடக்கும் இரும்பு யானை ஒன்று வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைச் சுற்றிவருகிறது. வங்கத்தின் ரோக்கையா எழுதிய "சுல்தானாவின் கனவு" 1905-ல் வெளிவந்தபோது, அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழ். பெண்கள் ஆளும் நாட்டில் சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பகைவரை விரட்டுவதும், வான ஊர்தியில் பறப்பதும் அதில் வருகின்றன.

கற்பனை வேண்டாம், கண்ணால் காண வேண்டும் என்போருக்குத் தில்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1855-ல் செய்யப்பட்ட "ஃபேரி குயீன்" இன்ஜின் பலருக்குத் தெரியும். அதைவிட விந்தையானது பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். 1907-ல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியின் பாரம் ஒரு தண்டவாளத்தின்மீது இருக்கும். வண்டி சாயாமல் தாங்கும் பெரிய சக்கரம் பக்கத்துச் சாலைமீது உருளும். எந்த எழுத்தாளரும் துணிந்து எழுதத் தயங்கக்கூடிய இயந்திரம் இது. காலனி ஆட்சி, சமஸ்தானங்கள், தந்தி, ரயில், 1857 என நீராவிக் கதைக்குத் தேவையான மூலப்பொருள் அனைத்தும் இந்த நாட்டின் வரலாற்றில் கொட்டிக் கிடக்கிறது. பிறர் எழுதும்போது இந்தியா பெரும்பாலும் பின்னணித் திரைச்சீலையாகவே வருகிறது. நம்மவர் எழுதினால் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவனும் கதாநாயகனாகலாம்.

எழுத விரும்புவோரும் இல்லாமல் இல்லை. வெளியிடுவோர்தாம் இல்லை. பதிப்பாளரைக் குறை கூறிப் பயனில்லை. கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்கும் நூலுக்குப் பணம் போட எந்த வணிகரும் யோசிக்கத்தான் செய்வார். அறிவியல் புனைகதை அலமாரியே பல கடைகளில் ஒரு தட்டைத் தாண்டாதபோது, அதன் உட்பிரிவின் உட்பிரிவுக்கு இடம் எங்கே? ஆகவே, எழுதியவரே வெளியிடுவது இங்கு ஆசைக்காக அன்று, வேறு வழியில்லாததால்.

தாமே வெளியிடுவதை இழிவாகப் பார்க்கும் வழக்கம் தில்லியின் இலக்கிய வட்டங்களில் இன்றும் உண்டு. ஹிந்தி இலக்கிய வரலாறு அறிந்தவர்கள் அப்படிப் பார்க்க நியாயமில்லை. பிரேம்சந்த் 1923-ல் வாராணசியில் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார். அதுவும் அவருடைய இதழ்களும் தந்த கடன் சுமைதான் 1934-ல் அவரை பம்பாய்த் திரைப்பட உலகுக்குத் துரத்தியது. யஷ்பாலின் நூல்கள் லக்னௌவில் அவரது சொந்த "விப்லவ்" அலுவலகத்திலிருந்தே வெளிவந்தன; மனைவி பிரகாஷ்வதி அதை நிர்வகித்தார். நாட்டுப் பிரிவினையைப் பற்றிய மாபெரும் புதினமான "ஜூட்டா சச்" அப்படித்தான் வாசகரை அடைந்தது. தலைநகரிலேயே ஐடிஓ அருகே நடைபாதையில் தேநீர் விற்றுக்கொண்டு, ஹிந்திப் புதினங்களை எழுதித் தாமே அச்சிட்டு, சைக்கிளில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டு சென்று விற்ற லட்சுமண் ராவைத் தில்லிவாசிகள் நன்கு அறிவர். விளம்பரத்துக்கு அவர் செலவிட்டது கால் வலி மட்டுமே.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு வேறு எடுத்துக்காட்டுகள் காட்டப்படுகின்றன. அஸ்வின் சாங்கி தமது முதல் புதினத்தை 2007-ல் புனைபெயரில் தாமே வெளியிட்டார். பதிப்பகங்கள் பலவும் மறுத்த அமீஷ் திரிபாடியின் "மெலூஹா" 2010-ல் பதிப்பகம் இன்றியே வெளிவந்தது. முதல் அத்தியாயத்தை மட்டும் தனியே அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள், திரைப்படம் போல முன்னோட்டக் காட்சியும் தயாரித்தார்கள். இவை உண்மையான வெற்றிகள். ஆனால், இருவருமே விரைவில் முறையான பதிப்பகம் ஒன்றுக்குச் சென்றுவிட்டனர் என்பதும், இருவரும் எடுத்துக்கொண்டவை பெருந்திரள் வாசகர் ஏற்கெனவே ஆர்வம் கொண்டிருந்த புராண, மர்மக் களங்கள் என்பதும் அதே அளவு உண்மை. நீராவிக் கதை எழுதுபவர், முதலில் அப்படி ஒரு வகை இருப்பதையே வாசகருக்குச் சொல்ல வேண்டும். சிவனை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இந்த வெற்றிக் கதைகளைக் காட்டித்தான் ஒரு புதிய வணிகம் செழிக்கிறது. "உங்கள் நூலை நாங்கள் வெளியிடுகிறோம்" என்று அறிவித்து, பதிப்பு, அட்டை, விளம்பரம், விருது என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டணம் வைத்துள்ள நிறுவனங்கள் பெருகிவிட்டன. நேர்மையாகத் தொழில் செய்வோர் இவர்களில் உண்டு. ஆனால், நூலை வாசகருக்கு விற்று லாபம் காண்பவர் பதிப்பாளர். நூலாக்கும் ஆசையை எழுத்தாளரிடமே விற்று லாபம் காண்பவர் வேறு. இரண்டாம் வகையினருக்கு நூல் விற்றாலும் ஒன்று, விற்காவிட்டாலும் ஒன்று. சர்வதேசத் தர நூல் எண்ணான ஐஎஸ்பிஎன்னையும் கட்டணத் தொகுப்பில் ஒரு சலுகைபோலச் சேர்த்து விற்பவர்கள் உண்டு. அந்த எண்ணை தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை எழுத்தாளர்களுக்கும் கட்டணமின்றியே வழங்குகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுத்தாளர்கள் பணம் கொடுத்து வாங்கும் ஒன்றை இந்திய அரசு இலவசமாகத் தருவது பாராட்டுக்குரியது. அதை அறியாத எழுத்தாளர் ஏமாறுவது வேதனைக்குரியது.

மின்நூல் தளங்களின் விதிகளையும் கண் திறந்து படிக்க வேண்டும். 2016 டிசம்பரில் தமிழ், ஹிந்தி உள்ளிட்ட 5 இந்திய மொழிகளுக்கு அமேசானின் கிண்டில் தளம் கதவைத் திறந்தது. செலவில்லாமல் நூல் வெளியிடலாம் என்பது பெரும் வசதி. ஆனால், இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை பெற வேண்டுமானால், அந்த மின்நூலை வேறு எங்கும் விற்பதில்லை என்று 90 நாள் தவணைகளில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் 35 சதவீதம். சிறுவகை எழுத்தாளருக்கு இது எளிய தேர்வன்று. வாசகர் எந்த மூலையில் இருக்கிறார் என்று தெரியாதபோது, ஒரே கடையில் காத்திருப்பது தூண்டிலை ஒரே குளத்தில் போடுவதாகும். பெரிய பதிப்பகம்தான் பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. சாங்கி, அமீஷ் இருவரையும் வளர்த்த வெஸ்ட்லேண்ட், 2022-ல் அதன் உரிமையாளரான அமேசானால் மூடப்பட்டு, பிறகு வேறு துணையுடன் மீண்டெழ வேண்டியிருந்தது.

அப்படியானால் இவ்வகை நூல் எப்படித்தான் வாசகரை அடையும்? அமெரிக்காவில் லிண்ட்சே புரோக்கர் நீராவி யுகச் சாயல் கொண்ட தமது "தி எம்பரர்ஸ் எட்ஜ்" தொடரைத் தாமே வெளியிட்டபோது, முதல் நூலை இலவசமாக்கி, பின்வரும் நூல்களை விலைக்கு விற்றார். ஒரே ஒரு நூலை எழுதிவிட்டு அதற்கு ஓராண்டு விளம்பரம் செய்வதைவிட, மூன்று நூல் எழுதி முடித்துவிட்டு முதலாவதைத் தானமாகக் கொடுப்பது பயன் தருகிறது என்பதே அந்த அனுபவம். இந்தியாவில் அதைப் பின்பற்ற முடியாது என்பதற்குக் காரணம் எதுவுமில்லை, பொறுமையின்மையைத் தவிர. வாசகர் கூடும் இடங்களும் உள்ளன. 2011-ல் தில்லி ஹாட்டில் சிறிய அளவில் தொடங்கிய காமிக் கான் விழாவுக்கு, தாமே தைத்த கற்பனை உடைகளில் இளைஞர்கள் திரண்டு வருகின்றனர். பித்தளைக் கண்ணாடியும் பற்சக்கரத் தொப்பியும் அணியத் தயங்காத இவர்களைவிட நீராவிக் கதைக்கு ஏற்ற வாசகர் யார்? தேசியப் புத்தக அறக்கட்டளை 1972 முதல் நடத்திவரும் உலகப் புத்தகக் கண்காட்சியிலும், பல தனி எழுத்தாளர்கள் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொள்ளும் குறைந்த வாடகை ஏற்பாட்டைப் பெருக்கலாம்.

அரசிடம் எவரும் பரிசுப் பணம் கேட்கவில்லை. குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். 1954-ம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, ஒவ்வொரு வெளியீட்டாளரும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மேலும் மூன்று நூலகங்களுக்கும் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். 500 படி அச்சிடும் பதிப்பகத்துக்கு இது ஒன்றுமில்லை. 50 படி அச்சிடும் தனி எழுத்தாளருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. இருந்தும் மனமுவந்து அனுப்ப வேண்டிய படிகள்தாம் இவை. விந்தை என்னவென்றால், அச்சு நூலை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அச்சட்டத்தின் வலைக்குள் மின்நூல் வருவதில்லை. வரி வாங்கும்போது 18 சதவீதம் கேட்கும் நாடு, மின்நூலாக மட்டும் வந்த படைப்பை நூற்றாண்டுக்குப் பின் தேடுவோருக்காகப் பாதுகாத்து வைக்கும் கடமையை ஏற்கவில்லை.

அஞ்சலும் அப்படியே. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் திடீரென நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர்கள் குரலெழுப்பிய பின், 2025 மே 1 முதல் "ஞான் போஸ்ட்" என்ற பெயரில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்ற கட்டணத்தில் ஒரு சேவை வந்தது. நல்லதுதான். ஆனால், கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது என்று விவரிக்கப்படும் இச்சேவையில், இரும்பு யானை நடக்கும் புதினம் எந்தப் பிரிவில் சேரும் என்பதை அஞ்சலக முகப்பில் இருப்பவரின் மனநிலைக்கு விட்டுவிடக் கூடாது. புனைகதையும் அடங்கும் என ஒரு வரிச் சுற்றறிக்கை போதும்.

வரி விஷயத்திலும் தேவைப்படுவது ஒரு வரித் திருத்தமே. 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் பெருமளவில் மாற்றி அமைக்கப்பட்டபோது, நூல் அச்சிடும் தாளுக்கான வரி 12-லிருந்து 18 சதவீதமானது. அச்சிடும் செலவு ஏறினால், மேலும் பல புதிய எழுத்தாளர்கள் மின்நூலை நோக்கியே தள்ளப்படுவர். அங்கே அவர்களுக்காக அதே 18 சதவீதம் காத்திருக்கிறது. மின்நூலுக்கான விளக்கத்தில் "அச்சிட்ட நூலின்" என்ற சொற்களை நீக்கினால் அரசுக்கு ஏற்படும் வருவாய் இழப்பு மிகச் சொற்பமாகவே இருக்கும். மாநில நிதியமைச்சர்களும் அமர்ந்திருக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில், மொழிக்காகக் குரல் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலங்களில் ஏதேனும் ஒன்று அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கக் கோரலாம்.