ஆரவாரமற்ற கரை

காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்து, மணல் என்றால் ஆற்றுமணல் என்றே எண்ணி வளர்ந்த என் போன்றோருக்கு, திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில், ஓலை வேய்ந்த கொட்டகையும் நாலைந்து சாய்வு நாற்காலிகளுமே சர்வ ஐசுவரியமாகக் கொண்ட சிறிய கடலோர மனமகிழ் மன்றமொன்றில் அமரும்போது, சங்கீதம் என்ற பெயரால் இரைச்சலைப் பரிமாறும் பெரிய கேளிக்கைக் கூடங்கள்மீது இயல்பாகவே ஒரு விரக்தி தோன்றுகிறது. (ஆதிசேஷனும் வாயுவும் பொருதபோது மேருவினின்று சிதறிய சிகரங்களே கொடுமுடியும் கோணமலையும் என்று தலபுராணங்கள் உறவு கூறுவதால், அங்கே நான் முற்றிலும் அந்நியனுமல்லன்.) கரைக்கு அப்பால் தெரியும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது, அதைச் சூழ்ந்த பவளப்பாறைகளோ ஜீவனுள்ளவை, மிதித்தால் மடிபவை. ஆதலின், இக்கரையில் மன்றம் நடத்துவோர் சிறியவர்களாகவே இருந்து பிழைக்கட்டும். தீவுக்குச் செல்லும் அன்பர்களும் பாறைமேல் காலூன்றாது நீந்தித் திரும்புவார்களாக.