யாருடைய கைக்காகச் செய்யப்பட்டது?



எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் சிறந்ததா, பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் சிறந்ததா? வீடியோ கேம் விளையாடும் இளைஞர் கூடும் இடமெல்லாம் இக்கேள்வி எழுகிறது. இதன் நிமித்தம் உடன்பிறந்தோர் குரலை உயர்த்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு. பெரியவர்கள் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவதற்கில்லை என்பதே என் எண்ணம். ஒரு கருவியைக் காட்டி "இதுவே சிறந்தது" என்று நாம் சொல்லும்போது, யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பதும் சேர்ந்தே வெளிப்படுகிறது. ஆகவே இவ்வாரம் இந்தக் கேள்வியையே நிதானமாகச் சிந்திப்போம்.

முதலாவது, இரு தரப்புக்கும் உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 2020 நவம்பரில் இரண்டே நாள் இடைவெளியில் மைக்ரோசாஃப்டும் சோனியும் தங்கள் புதிய கன்சோல்களை வெளியிட்டன. சோனியின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் விரல் அழுத்தும் ட்ரிக்கர், விளையாட்டின் தன்மைக்கேற்பத் தானே இறுகும். வில்லின் நாணை இழுத்தால் அந்த இறுக்கம் விரலில் தெரியும். மணலில் நடப்பதற்கும் உலோகத்தின்மேல் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூட உள்ளங்கை அதிர்வு உணர்த்திவிடும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இத்தனை நுட்பம் இல்லை. ஆனால் அதன் இரு ஸ்டிக்குகளும் மேலும் கீழுமாக அமைந்திருப்பது பலருடைய கட்டைவிரலுக்கு இசைவாக இருக்கிறது. அது சாதாரண பேட்டரி செல்களில் இயங்குவதால், செல் தீர்ந்தால் வேறு செல்லைப் போட்டுக்கொள்ளலாம். டூயல்சென்ஸின் பேட்டரியோ உள்ளேயே பொருத்தப்பட்டது. அது பலவீனமடைந்தால் கருவியைப் பிரித்தே மாற்ற வேண்டும். உணர்வில் சோனி முந்துகிறது. எளிமையில் மைக்ரோசாஃப்ட் முந்துகிறது. இளைஞர்களின் வாதம் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

நாம் இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். இவ்விரண்டு கன்ட்ரோலர்களும் பேசாமலே ஒன்றை எதிர்பார்க்கின்றன. பிடிப்பவருக்கு இரண்டு கைகள் இருக்க வேண்டும். பத்து விரல்களும் நடுங்காமல், விரைவாக, தனித்தனியே அசைய வேண்டும். கருவியின் எடையை மணிக்கணக்கில் தாங்கும் வலு மணிக்கட்டில் இருக்க வேண்டும். "கைக்கு அடக்கமாக இருக்கிறது" என்று புகழ்கிறோமே, அது யாருடைய கை என்று எப்போதாவது கேட்டதுண்டா?

இக்கேள்வி புதியதல்ல. 2001-இல் முதல் எக்ஸ்பாக்ஸ் அமெரிக்காவில் வெளிவந்தபோது அதன் கன்ட்ரோலர் மிகப் பெரிதாக இருந்தது. அதன் பருமனைக் குறித்துப் பலரும் குறைகூறினர். பின்பு ஜப்பானிய விளையாட்டாளர்களின் கைகளைக் கருதி ஒரு சிறிய வடிவம் செய்யப்பட்டது. நாளடைவில் அச்சிறிய வடிவமே மற்ற நாடுகளிலும் வழக்கமாயிற்று. ஒரு சாராருக்கென்று செய்த திருத்தம் எல்லாருக்கும் நன்மையாய் முடிந்ததைக் கவனியுங்கள்.

பிளேஸ்டேஷனிலும் இதற்கு ஒப்பான ஒரு செய்தி உண்டு. நெடுங்காலம் ஜப்பானில் வட்டக் குறிப் பொத்தான் "ஆம்" என்றும், பெருக்கல் குறி "வேண்டாம்" என்றும் பொருள்பட்டன. மேலைநாடுகளிலோ பெருக்கல் குறியே "ஆம்". 2020-இல் வந்த கன்சோலில்தான் சோனி ஜப்பானுக்கும் மேலைநாட்டு முறையைக் கொண்டுவந்தது. இயற்கையானது என்று நாம் எண்ணுவது பலவேளைகளில் நம் பழக்கம் மாத்திரமே.

பிரியமானவர்களே, இரு நிறுவனங்களையும் உண்மையாகவே ஒப்பிட விரும்பினால், கடை முகப்பில் அதிகம் காணக்கிடைக்காத வேறு இரண்டு கன்ட்ரோலர்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஒன்று, 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர். மேசைமேலோ மடிமேலோ வைக்கத்தக்க தட்டையான பெட்டி அது. அதன்மேல் உள்ளங்கையாலோ முழங்கையாலோ காலாலோ அழுத்தக்கூடிய இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள் உள்ளன. பின்புறம் 3.5 மில்லிமீட்டர் அளவில் 19 துளைகள் உண்டு. தலையால் தட்டும் பொத்தான், காலால் மிதிக்கும் பெடல் என்று ஒருவருடைய உடலுக்கு எது இயலுமோ அதை அத்துளைகளில் இணைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல்எஃபெக்ட், போரில் காயமடைந்த வீரர்களுக்கு உதவும் வார்ஃபைட்டர் என்கேஜ்ட் முதலிய அமைப்புகளின் ஆலோசனையோடு இது உருவாயிற்று. இக்கருவி வரும் அட்டைப்பெட்டியைக் கூட, பல்லால் கடித்துத் திறக்க நேராதபடி, வளையங்களைப் பற்றி இழுத்தாலே திறக்கும்படி வடிவமைத்தார்கள். அட்டைப்பெட்டி வரை நினைத்துப் பார்த்த அந்த அக்கறையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மற்றொன்று, 2023 டிசம்பரில் சோனி வெளியிட்ட அக்செஸ் கன்ட்ரோலர். வட்ட வடிவமானது. சுற்றிலும் பொத்தான்கள், ஒரு பக்கம் ஒரு ஸ்டிக். எந்தத் திசையில் திருப்பி வைத்தாலும் பயன்படும். வெவ்வேறு வடிவப் பொத்தான் மூடிகளும் ஸ்டிக் தலைகளும் பெட்டியிலேயே வருகின்றன. வெளிக்கருவிகளை இணைக்க நான்கு துளைகள் உண்டு. இத்தகைய இரண்டு கருவிகளையும் ஒரு டூயல்சென்ஸையும் சேர்த்து ஒரே கன்ட்ரோலராக இயக்கலாம்.

இவற்றுள் எது மேல்? பெட்டியைத் திறந்தவுடன் பயன்படுவது சோனியினுடையது. மைக்ரோசாஃப்டின் கருவி தன்னளவில் முழுமையானதல்ல. அறிமுகமானபோது அதன் விலை 99.99 டாலர், சோனியினுடையது 89.99 டாலர். ஆயினும் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு இணைக்கும் பொத்தான்களைத் தனியே வாங்கும்போது செலவு பெருகிவிடும். மறுபுறம், உடலில் அசைவு மிகக் குறைந்தவருக்கு 19 துளைகள் தரும் இடம் நான்கு துளைகளில் கிடைக்காது. என் கருத்தைக் கேட்டால், விரல்கள் ஓரளவு இயங்குவோருக்குச் சோனியின் கருவியும், மற்றவருக்கு மைக்ரோசாஃப்டின் கருவியும் ஏற்றவை.

ஆனால் இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. சோனியின் கருவி பிளேஸ்டேஷன் 5-க்கென்றே செய்யப்பட்டது. மைக்ரோசாஃப்டின் கருவி எக்ஸ்பாக்ஸுக்கும் விண்டோஸ் கணினிக்கும் உரியது. நல்ல கைகள் உள்ளவன் இரண்டு கன்சோல்களுக்கும் இரண்டு கன்ட்ரோலர்களை வாங்கிக்கொள்வான். தன் உடலுக்கேற்பப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, வாரக்கணக்கில் பழகிய ஒருவர், நண்பனுடைய கன்சோலில் விளையாட வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 3.5 மில்லிமீட்டர் துளை இருவருக்கும் பொதுவானது. ஆகவே வெளியே இணைக்கும் பொத்தான்களில் பலவற்றை எடுத்துச் செல்லலாம். நடுவிலுள்ள பெட்டிதான் சுவராய் நிற்கிறது. சந்தையில் போட்டி இருக்கட்டும், அது பொருளை மேம்படுத்தும். இந்த ஒரு பொருளிலாவது இரு நிறுவனங்களும் தங்கள் கதவைத் திறந்துவிடுவதே நியாயம் என்று உறுதியாகச் சொல்வேன்.

"இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? சிலருக்காக இவ்வளவு பேச வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். இன்று நம் கை நலமாக இருக்கிறது. ஒரு விபத்து, ஒரு பக்கவாதம், மூட்டுகளில் ஒரு வீக்கம் போதும், நாமும் அந்தச் சிலரில் ஒருவராகிவிடுவோம். முதுமை பலரையும் அங்கேதான் அழைத்துச் செல்கிறது. மேலும், விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு சிறுவனுக்கு அது நண்பர்களின் நடுவே கிடைக்கும் இடம். எல்லாரும் விளையாடும்போது ஓரமாய் அமர்ந்து பார்ப்பவனுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும்.

புதிய கருவி எதையும் வாங்காமலே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றுபோல் இயங்கச் செய்யும் "கோபைலட்" என்ற வசதி 2017 முதல் எக்ஸ்பாக்ஸில் இருக்கிறது. 2023-இல் பிளேஸ்டேஷன் 5-க்கும் இதைப்போன்ற வசதி வந்தது. ஸ்டிக்கை ஒருவர் அசைக்க, பொத்தானை மற்றொருவர் அழுத்த, திரையில் ஓடும் வீரன் ஒருவனே. அண்ணனும் தம்பியும், தாத்தாவும் பேத்தியும் ஒரே வீரனை நடத்திச் செல்லலாம்.

ஆகவே அன்பானவர்களே, உங்கள் பிள்ளைகள் அடுத்தமுறை "எந்தக் கன்ட்ரோலர் சிறந்தது?" என்று வாதிட்டால், அவர்களை அடக்காதிருங்கள். "நம் தெருவில் இதைப் பிடிக்க இயலாத பிள்ளை யார்?" என்று மட்டும் கேளுங்கள். அப்பிள்ளையின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால், இந்த வாரமே அவனை வீட்டிற்கு அழைத்து வாருங்கள்.