பருத்தி பக்தி சோறு போடுமா?

செயற்கை நூல் துணி ஊரெங்கும் பரவிவிட்டது என்றும், பருத்திக்கு மதிப்புப் போய்விட்டது என்றும், இதனால் நமது பண்பாடே பாழாகின்றது என்றும் ஒரு கூட்டத்தார் இப்போது ஒப்பாரி வைத்து வருகின்றார்கள். பருத்தியை ஏதோ தெய்வம் தந்த வரம் போலவும், பாலியெஸ்டரை மேல்நாட்டான் கொண்டுவந்து கொட்டிய விஷம் போலவும் பேசுகின்றார்கள். இப்படிப் பேசுகிறவர்களின் பீரோவைத் திறந்து பார்த்தால் உள்ளே பாதித் துணி பாலியெஸ்டர் கலந்ததாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். நாம் இதைப் பக்தி விஷயமாகக் கருதவில்லை. பனியன் கம்பெனியிலும் ஸ்பின்னிங் மில்லிலும் உழைத்துப் பிழைக்கும் பல லட்சம் மக்களின் வயிற்று விஷயமாகவும், பருத்தி விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கும் விவசாயியின் கடன் விஷயமாகவும் கருதுகின்றோம். ஆதலால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலியெஸ்டர் நூலை 1941-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு ரசாயன நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் 20 வருஷம் கழித்துங்கூட, அதாவது 1960 வாக்கில், உலகத்தில் நெய்யப்பட்ட நூலில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தியாகவே இருந்தது. 2023-ம் வருஷக் கணக்கில் உலகத்து நூல் உற்பத்தி 12 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதில் பாலியெஸ்டர் மட்டும் பாதிக்கு மேல். பருத்தியோ ஐந்தில் ஒரு பங்குதான்.

பருத்தி விளைச்சல் குறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. இருபது வருஷமாக உலகத்தில் வருஷத்திற்குச் சுமார் இரண்டரைக் கோடி டன் பருத்தி விளைந்துகொண்டுதான் இருக்கிறது. ஜனத்தொகை பெருகிற்று, ஒரு வேஷ்டியோடு இருந்தவன் நான்கு சட்டை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான், இந்த அதிகத் தேவை முழுவதும் செயற்கை நூலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏன்? பருத்திக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆறு மாதம் வேண்டும். அதே நிலத்தில்தான் சோளமும் நெல்லும் விளைய வேண்டும். மண்ணெண்ணெய் எடுக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து பாலியெஸ்டர் வருகின்றது. அந்தத் தொழிற்சாலைக்கு மழை தெரியாது, புழு தெரியாது, இரவும் தெரியாது. இதில் புண்ணிய பாவத்திற்கு என்ன இடம் இருக்கிறது?

விலையையும் பாருங்கள். 2022 மே மாதத்தில் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. கிலோ 280 ரூபாய் ஆகிறது. நூல் விலையைத் தாங்க முடியாமல் திருப்பூரில் அந்த மாதமே இரண்டு நாள் கதவடைப்புச் செய்தார்கள். அந்த இரண்டு நாள் கூலியை எந்தப் பருத்தி பக்தர் கொடுத்தார் என்று கேட்கின்றோம். அடுத்த வருஷமே விலை அறுபதாயிரத்திற்குக் கீழே விழுந்தது. மேலே போனபோது விவசாயி வீட்டில் பஞ்சு இல்லை. அது வியாபாரியின் கிடங்குக்குப் போய்விட்டது. கீழே விழுந்தபோதோ விவசாயியின் வீட்டில்தான் பஞ்சு இருந்தது!

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பஞ்சு விலை ஏறும்போது பாலியெஸ்டருக்கு மாறிய மில்காரனும், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரனும், பஞ்சு விலை இறங்கிவிட்டது என்பதற்காகத் திரும்பி வருவதில்லை. மெஷினை மாற்றிவிட்டான், ஆளைப் பழக்கிவிட்டான், உடுத்துகிறவனும் பழகிவிட்டான். ஆகவே பருத்தியின் ஒவ்வொரு விலையேற்றமும் பாலியெஸ்டருக்குப் புதிய வாடிக்கைக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கின்றது. விலை ஏறினால் பருத்திக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிற்க. பருத்தியைப் புனிதமாக்கும் வேலை புதிதல்ல. கதர் கட்டினால் சுயராஜ்யம் வரும், ராட்டை சுற்றினால் மோட்சம் கிடைக்கும் என்ற மாதிரி ஒரு காலத்தில் பிரசாரம் நடந்தது. பெரியார் அவர்களே காங்கிரசில் இருந்த காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவர்தான். அப்படிச் சுமந்தவரே பின்னால், யந்திரம் செய்யும் வேலையை மனிதன் கையால் செய்து பட்டினி கிடக்க வேண்டுமென்பது என்ன நியாயம் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் அவரை தேசத் துரோகி என்றார்கள். கடைசியில் நடந்தது என்ன? எந்தத் தேசியக் கொடியைக் கைத்தறிக் கதரில்தான் செய்ய வேண்டுமென்று விதி செய்து வைத்திருந்தார்களோ, அந்தக் கொடியைப் பாலியெஸ்டரிலும் யந்திரத்திலும் செய்யலாமென்று 2021 டிசம்பரில் சர்க்காரே விதியைத் திருத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னார்கள். கோடிக்கணக்கில் கொடி வேண்டும் என்று வந்தவுடன் புனிதம் பறந்துபோய்விட்டது. திருத்தியது தப்பென்று நாம் சொல்லவில்லை. கொடிக்கு ஒரு நியாயம், ஏழையின் சட்டைக்கு ஒரு நியாயமா என்றுதான் கேட்கின்றோம்.

வைதிகர்களின் துணி சாஸ்திரமோ இன்னும் வேடிக்கையானது. பருத்தித் துணியை நனைத்து, பிறர் தொடாமல் உலர்த்தினால்தான் மடியாம். பட்டுக்கு அந்தத் தொல்லை இல்லையாம், அது எப்போதும் சுத்தமாம். (புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போட்டுக் கொன்று எடுப்பதுதான் பட்டு என்பது எறும்புக்கும் தீங்கு நினையாத இந்த ஜீவகாருண்யர்களுக்குத் தெரியாது போலும்.) பாலியெஸ்டருக்கு மடி உண்டா இல்லையா என்று எந்த ரிஷியும் எழுதி வைக்கவில்லை. ஆதலால் அதைப் பற்றி அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

பருத்தியே துணியாக இருந்த பழைய காலம் எப்படிப்பட்ட காலம்? திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வதற்குக்கூடக் கிளர்ச்சி செய்து, 1859-ல் ராஜாங்க உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 1930-ல் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு விதித்த தடைகளில், ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக் கட்டக் கூடாது என்பதும், சட்டையோ பனியனோ போடக் கூடாது என்பதும் இருந்தன. தடுத்தவன் உடுத்தியதும் பருத்திதான், தடுக்கப்பட்டவனுக்கு இல்லாமற் போனதும் பருத்திதான். முதலில் பணக்காரன் வீட்டுப் பெருமையாக வந்த டெரிலின் சட்டை, சில வருஷங்களில் கூலிக்காரன் தோளிலும் ஏறியது. சாயம் போகாமல், சுருங்காமல், பெட்டி போடாமல், ஐந்தாறு வருஷம் உழைக்கும் ஒரு சட்டை அவனுக்கும் கிடைத்தது. சட்டையைப் பார்த்து ஜாதி சொல்லுவது கடினமாயிற்று. ஜாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை; அதன் கண்ணில் கொஞ்சம் மண் விழுந்தது, அவ்வளவுதான்.

வெள்ளை வெளேரென்று கஞ்சி போட்ட பருத்தி வேஷ்டியின் பெருமையைப் பேசுகிறவர்கள், அதை வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுத்தது யார் கை என்று நினைப்பதில்லை. ஊர் வண்ணாரின் கையும், வீட்டுப் பெண்ணின் கையும் அல்லவா? ஈரமான பருத்திச் சேலையைக் கிணற்றடியில் அடித்துப் பிழிந்த பெண்ணைக் கேளுங்கள், அரை மணியில் உலரும் சேலையை அவள் ஏன் விரும்புகிறாள் என்று. பண்பாட்டைக் காப்பாற்றும் பாரத்தை எப்போதும் அவள் தலையிலேயே ஏற்றுவது என்ன யோக்கியதை?

இயற்கை, இயற்கை என்கின்றார்களே, அதையும் பார்ப்போம். நொய்யல் ஆற்றைக் கெடுத்தது எந்தத் துணி? பருத்தி பனியன் துணிதான். பருத்தியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்ட வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தங்கி, கீழே இருந்த விவசாயியின் கிணற்றையும் வயலையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் வந்துவிட்டது. செடியில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் யோக்கியமானதாகிவிடாது.

அதற்காகப் பருத்தி பக்தியை விட்டுவிட்டுப் பாலியெஸ்டர் பக்தி செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. பருத்தி தன் எடையில் 100-க்கு எட்டரை பங்கு ஈரம் வாங்கும். பாலியெஸ்டர் அரை பங்குகூட வாங்காது. சித்திரை வெய்யிலில் வேலை செய்கிறவனுக்கு இந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். துவைக்கும்போதெல்லாம் பாலியெஸ்டர் துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி இழைகள் உதிர்ந்து தண்ணீரில் கலக்கின்றன, அவை மக்குவதில்லை. மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ் நூலும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றை என்ன பாடு படுத்திற்று என்பதை அந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று: பருத்தி இந்தியாவில் சுமார் 60 லட்சம் விவசாயிகள் கையில் இருக்கிறது. பாலியெஸ்டர் மூலப்பொருளோ விரல்விட்டு எண்ணக்கூடிய முதலாளிகள் கையில் இருக்கிறது.

அதன் பலனை நாம் கண்டுவிட்டோம். பாலியெஸ்டர் நூலுக்குத் தரக்கட்டுப்பாடு என்று 2023-ல் ஒரு உத்தரவு வந்தது. தரம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டு மலிவு நூல் வரும் வழி அடைபட்டு, உள்நாட்டுப் பெரிய முதலாளி சொன்ன விலைக்குச் சிறிய நெசவுக்காரன் வாங்கும்படி ஆயிற்று. கூக்குரல் எழுந்து, 2025 நவம்பரில்தான் அந்த உத்தரவை எடுத்தார்கள். செயற்கை நூல் ஆடைத் தொழிலை வளர்க்க 2021-ல் 10,683 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று போட்டார்களே, அது யாருக்கு? குறைந்தது 100 கோடி ரூபாய் முதல் போடுகிறவனுக்கு! திருப்பூரில் பத்து மெஷின் வைத்திருப்பவன் அந்தத் திட்டத்தின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. 2025-ல் அதை 50 கோடியாக இறக்கினார்கள். பத்து மெஷின்காரனுக்கு 100 கோடியும் 50 கோடியும் ஒன்றுதான்.

இனிப் பருத்தி விவசாயியைப் பற்றி. அவனுடைய எதிரி பாலியெஸ்டர் என்று சொல்லிக் கொடுப்பது அவனை ஏமாற்றுவதாகும். இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 450 கிலோ பஞ்சு எடுக்கிறோம். பிரேசிலிலும் சீனாவிலும் இதைப்போல நான்கு மடங்கு எடுக்கின்றார்கள். 2002-ல் பி.டி. விதை வந்தது, விளைச்சல் கூடியது, பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விதையையும் வென்றுவிட்டது. அதற்குப் பின் வந்திருக்க வேண்டிய விதை எங்கே? ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே? விதைக்கும் நாளுக்குப் பஞ்சாங்கம் பார்க்கின்றோம், விதைக்கு மஞ்சள் தடவிக் கும்பிடுகின்றோம். புழு பஞ்சாங்கம் பார்க்காமலே வருகின்றது.

தமிழ்நாட்டு மில்களுக்கு வருஷத்திற்கு நூறு லட்சம் பேலுக்கு மேல் வேண்டும். இங்கே விளைவது சில லட்சம் பேல்தான். மீதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டும். வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021-ல் 100-க்கு 11 வரி போட்டார்கள். அமெரிக்கா நமது துணிக்கு 100-க்கு 50 வரி போட்ட 2025 ஆகஸ்டில், அந்த வருஷக் கடைசி வரைக்கும் அதை நீக்கினார்கள். மில்காரன் சிரித்தான், விவசாயி வயிறெரிந்தான். இருவரையும் மோதவிடுவது சர்க்காருக்குச் சௌகரியமாக இருக்கிறது. மில்லுக்கு உலக விலையில் பஞ்சு வரட்டும். விவசாயிக்கு நஷ்டமாகும் தொகையைச் சர்க்கார் நேராக அவன் கையில் கொடுக்கட்டும். குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் ஆதார விலை என்று 2025-26-க்கு எழுதி வைத்துவிட்டு, கொள்முதல் நிலையத்தைத் தூரத்தில் வைத்தால், அந்த விலை காகிதத்திற்குத்தான் ஆதாரம்.

நமக்குத் தெரிந்தவரை, பருத்தி அழிந்துபோகாது. ஆனால் பழைய ராஜாங்கம் திரும்பி வராது. குழந்தைத் துணி, உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு, வெய்யில் நாட்டுச் சட்டை ஆகியவற்றில் அதற்கு நெடுநாள் இடம் இருக்கும். அதன் விலையை இனிமேல் பாலியெஸ்டர்தான் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கும். 2022-ன் லட்சம் ரூபாயை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் கெடுவார்கள். திருப்பூரோ பெரும்பாலும் கோடைத் துணி ஊராகவே இருக்கிறது. குளிர்காலத் துணியும், விளையாட்டுத் துணியும் செயற்கை நூலில் நெய்யப்பட்டுச் சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போய்க் கொண்டிருக்கின்றன. அந்த வேலையைக் கற்றுக் கொள்ளாவிட்டால் வருஷத்தில் பாதி நாள் மெஷின் தூங்கும். மெஷினோடு கூலியும் தூங்கும். 130 டிகிரிச் சூட்டில் பாலியெஸ்டருக்குச் சாயம் ஏற்றும் பாத்திரத்தைச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து வாங்கவும், தையல் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு புதுத் துணியில் பழக்கம் கொடுக்கவும், கழிவு நீருக்கு ஊர்ப் பொதுவில் ஏற்பாடு செய்யவும் சர்க்கார் பணம் போக வேண்டும். 10,683 கோடியில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போயிருந்தாலும் இந்நேரம் பலன் தெரிந்திருக்கும்.

கைத்தறி நெசவாளர் சங்கதி இதோடு சேர்த்துப் பேசக்கூடியதல்ல. அவர்களுக்கென்று 1985-ல் செய்த ஒதுக்கீட்டுச் சட்டம் என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாரம் எழுதுவோம்.