சுடரில் குறி பார்ப்போருக்கு

திருத்தலங்களுக்குச் சென்று திரும்பும் நம் இறைமக்கள் சிலரின் கைகளில் இன்று பல வண்ண மெழுகுதிரிகளைக் காண்கிறோம். பச்சைத் திரி பணம் கொணரும், சிவப்புத் திரி திருமணத் தடை நீக்கும், கறுப்புத் திரி கண்ணேறு கழிக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. அது போதாதென்று, சுடர் ஆடினால் ஆகாது, நீலம் காட்டினால் ஆவி வந்துள்ளது, புகைந்தால் செய்வினை என்று குறி சொல்வோரும் கிளம்பியுள்ளனர். திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற எல்லைப்புறச் சிற்றூர்களிலும் இப்பேச்சு தமிழிலும் தெலுங்கிலும் உலவக் கேட்கிறோம். சிரித்துவிட்டுக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் மருந்துக்கென முடிந்து வைத்த காசு இங்கே திரிக்குப் போகிறது. மருத்துவரிடம் போக வேண்டிய கால்கள் குறி சொல்பவனின் வாசலில் நிற்கின்றன.

முதலில் சுடரையே கேட்போம். திரியின் வெப்பத்தால் மெழுகு உருகி, நூல்வழி மேலேறி, ஆவியாகி எரிகிறது. எரிவது நூலன்று, மெழுகின் ஆவியே. அடியில் காற்று தாராளமாகக் கலக்குமிடத்தில் சுடர் நீலமாகிறது. நடுவில் எரிந்து முடியாத நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி மஞ்சளாய் ஒளிர்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெளிவிளிம்பே மிகுந்த வெப்பமுடையது. ஏறத்தாழ 1400 பாகை செல்சியசு. 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டனில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்கு இந்த வேதியியலை விளக்கிச் சொன்னார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். அறிவியல் அவருடைய விசுவாசத்தை அணைத்துவிடவில்லை.

நீலம் ஆவியின் அடையாளமானால், நம் வீட்டு எரிவாயு அடுப்பில் நாள்தோறும் மூன்று வேளை ஆவி இறங்கியாக வேண்டும். சுடர் ஆடுவது காற்றால். புகைவது, நூல் நீண்டு, எரியக்கூடிய அளவுக்கு மேல் மெழுகு ஆவியாவதால். அதற்கு ஒரு கத்தரிக்கோல் போதும், மந்திரவாதி வேண்டியதில்லை. திரியின் வண்ணமோ மெழுகில் கலந்த சாயம். பச்சைத் திரியும் சிவப்புத் திரியும் ஒரே மஞ்சளாகத்தான் எரிகின்றன. சுடரே பச்சையாக வேண்டுமானால் சிவகாசியில் முன்பு செய்ததுபோல் பேரியம் உப்பைச் சேர்க்க வேண்டும். சிவப்பாக வேண்டுமானால் ஸ்ட்ரோன்சியம் உப்பு.

"இது முன்னோர் வழக்கம்" என்பர். எந்த முன்னோர்? நிறத்துக்கொரு பலன் சொல்லும் இந்தக் கணக்கை, 1942இல் அமெரிக்காவில் ஹென்றி கமாசே என்ற பெயரில் வெளிவந்த மெழுகுதிரிக் கையேடு போன்ற நூல்கள் பரப்பின. இதில் திருச்சபையின் மரபும் இல்லை, தமிழ் மரபும் இல்லை. வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையைப் பாருங்கள். தைப்பூசத்தன்று அங்கே ஏழு நிறத் திரைகளை நீக்கியே சோதியைக் காட்டுகின்றனர். நிறங்கள் திரைக்குரியவை, அவை விலகினால்தான் ஒளி. திருத்தணி மலைப்படிகளில் கற்பூரம் ஏற்றுவோரும் கற்பூரத்தின் நிறத்துக்கு விலை பேசுவதில்லை. அண்டை வீட்டார் அறிந்ததை நாம் மறக்கலாமா?

"திருவருகைக் காலத்தில் திருச்சபையே ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் திரி ஏற்றுகிறதே" என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி. அந்நிறங்கள் திருவழிபாட்டுக் காலத்தை நமக்கு உணர்த்துகின்றன. தவத்தையும் மகிழ்ச்சியையும் நினைவூட்டுகின்றன. கடவுளிடமிருந்து எதையும் கறந்து தருவதில்லை. அடையாளம் நம்மை மாற்றுவதற்கு. மந்திரமோ கடவுளை வளைப்பதற்கு. உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு வெளிச்செயலுக்கே ஆற்றல் உண்டென எண்ணுவது மூடநம்பிக்கை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111ஆம் பத்தியில் தெளிவாகவே கற்பிக்கிறது.

"எளியோரின் பக்தியை ஏன் புண்படுத்த வேண்டும்?" என்று இன்னொரு சாரார் நம்மைக் கடிந்துகொள்வர். எளியோரின் பக்தியை அல்ல, அதை விற்றுப் பிழைப்பதையே எதிர்க்கிறோம். கூலிக்காரர் ஒருவர் ஏற்றும் சிறிய வெள்ளைத் திரியின்முன் நாம் தலைவணங்குகிறோம். அச்சத்தை மூலதனமாக்கி, ஒரே மெழுகுக்குச் சாயத்துக்கேற்ப விலை வைப்பவரோடு நமக்குச் சமரசம் இல்லை.

பாஸ்கா இரவை நினைத்துப் பாருங்கள். இருண்ட கோவிலுக்குள் ஒரே ஒரு திரி நுழைகிறது. அதில் சிலுவையும், அகரமும் னகரமும், அந்த ஆண்டின் எண்ணும், ஐந்து சாம்பிராணி மணிகளும் உள்ளன. பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலம் தேனீக்களின் உழைப்பைக்கூட மறவாமல் குறிப்பிடுகிறது. அந்தச் சுடரிலிருந்தே கோவில் முழுதும் திரிகள் ஏற்றப்படுகின்றன; பகிர்ந்ததால் அது குறைவதில்லை. நம் திருமுழுக்கில் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் தரப்பட்டதும் பாஸ்கா திரியில் ஏற்றிய சுடரே. உலகின் ஒளி கிறிஸ்து என்று அறிக்கையிட்ட நாம், அவ்வொளியின் நிழலில் குறி பார்க்கலாகுமா?

ஆகவே, அன்பர்களே, திரி ஏற்றுங்கள், தாராளமாக ஏற்றுங்கள். ஒரு திரி போதும், எந்த நிறமும் போதும். வண்ணத் திரிகளுக்கென எடுத்து வைத்த மீதிப் பணத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். மெழுகுதிரி தன்னை உருக்கித்தான் ஒளி தருகிறது. அதிலிருந்து கற்றுக்கொள்ள இதுவே போதும்.