18 முறை கைநழுவிய விருது... சூசன் லூச்சி உண்மையிலேயே தோற்றாரா?

அமெரிக்காவில் விருதைக் கோட்டை விடுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் சொல்லப்பட்ட உதாரணம், சீரியல் நடிகை சூசன் லூச்சி. 'ஆல் மை சில்ட்ரன்' தொடரின் எரிகா கேன் வேடத்துக்காக டேடைம் எம்மி விருதுக்கு 1978-ல் முதல்முறை பரிந்துரைக்கப்பட்டார். அதிலிருந்து 18 முறை ஏமாற்றம்!

1999-ல், 19-வது முறை அவர் பெயரை அறிவித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதே டிசம்பரில் 'ஆனி கெட் யுவர் கன்' இசை நாடகத்துக்காக பிராட்வே மேடையும் ஏறினார்.

ஆனா, இந்த விருதுக் கதையோடு அவரைச் சுருக்கிவிடுவது நியாயமில்லை.

1970 முதல் 2011 வரை, 41 வருஷம் ஒரே கதாபாத்திரம். வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பு. பக்கம் பக்கமாக வசனம். ரீடேக்குக்கு நேரம் குறைவு. பள்ளி மாணவியாக அறிமுகமான எரிகா, பார்வையாளர்களோடு சேர்ந்தே வளர்ந்தாள். கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த 1973-லேயே, எரிகா கருக்கலைப்பு செய்துகொள்வதாகக் கதை வந்தது.

சினிமாவில் இரண்டு மணி நேரம் நடித்தால் கலை, 41 வருஷம் தினமும் வீட்டுக்குள் வந்தால் 'வெறும் சீரியலா'? விருதுக் குழுவுக்குத் தாமதமா புரிஞ்சது, ரசிகர்களுக்கு எப்பவோ புரிஞ்சிடுச்சு.