ஓராண்டுக் கணக்கு போதுமா?

தோழர்களே! நகராட்சிக் கணக்கு நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். பர்மிங்காமைப் பாருங்கள். 1870-களில் மேயர் ஜோசப் சேம்பர்லின் எரிவாயுவையும் குடிநீரையும் நகரத்தின் உடைமையாக்கிப் பிற ஊர்களுக்கு வழிகாட்டிய நகரம் அது. அந்நகரமன்றமே 2023 செப்டம்பர் 5-ஆம் நாள், 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி, இன்றியமையாதவை தவிரப் புதுச் செலவு இல்லையெனக் கைவிரித்தது!

காரணம் யாது? மைய அரசு மானியத்தைக் குறைத்தது உண்மை. புதிய கணிப்பொறி ஏற்பாட்டில் செலவு எகிறியதும் உண்மை. அவற்றினும் பெரிது, பெண் ஊழியர்க்குச் சம ஊதியம் தராத பழம்பாக்கி. 2012-இலேயே உச்சநீதிமன்றம் அப்பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023-இல் எஞ்சிய பாக்கியென மன்றம் மதிப்பிட்டதோ 65 முதல் 76 கோடி பவுண்டு! உரிமையைக் கேட்டதா குற்றம்? இல்லை, அநீதியை உடனே களையாமல் வளரவிட்டதே குற்றம்.

ஆண்டுதோறும் வரவையும் செலவையும் சரிக்கட்டினால் மட்டும் போதாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அப்பால் வரவிருக்கும் சுமையையும் இன்றே ஏட்டில் ஏற்ற வேண்டும். நடுத்தரக் கால நிதித் திட்டம் என்பது அதுதான். ஏட்டில் ஏறாத கடன் ஏழையின் தலையில் ஏறும்! 2024-இல் பர்மிங்காம் மக்களின் வரி ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது.

உங்கள் ஊர் மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும் நாளில், மிச்சம் எவ்வளவு என்று கேட்டு மகிழாதீர்கள். மறைந்திருக்கும் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள்!